மாஸி 1035 டேங்க் வாய்ப் பழுது: மன்னார்குடிப் பட்டறை ஒன்றின் வேலை

பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்ஜினைப் பற்றிய கவலை அவ்வளவாக இருக்காது. அந்த மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் டெல்டாவில் தேடினால் கிடைத்துவிடுவார். தகர வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. எங்கள் வண்டியில் டீசல் டேங்கின் வாய் ஒரு பக்கம் நசுங்கி, மூடியின் காதுகள் மாட்டும் விளிம்பு தேய்ந்து, கழுத்து தகட்டோடு சேரும் இடத்தில் மயிரிழை போல் ஒரு வெடிப்பும் விழுந்திருந்தது. நிறைந்த கேனை வாயின் மீதே சாய்த்து ஊற்றும் வழக்கமும் சேற்றுழவின் அதிர்வும் சேர்ந்து இப்படிச் செய்துவிடுகின்றன. இதைச் சரிசெய்து கொடுத்த, மன்னார்குடியில் ரேடியேட்டரும் டேங்கும் மட்டுமே பார்க்கும் ஒரு சிறு பட்டறையைப் பற்றி எழுதுகிறேன்.

வாய் சரியாக மூடாவிட்டால் டீசல் சிந்தி வீணாவது சிறிய நட்டம்தான். பெரிய நட்டம் மழைநீரால் வருகிறது. டீசலைவிடக் கனமான நீர் டேங்கின் அடியில் தங்கித் தகட்டைத் துருவேற்றும். ஃபில்டரைத் தாண்டிவிட்டால், டீசலின் வழவழப்பை நம்பியே ஓடுகின்ற, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பம்பையும் நாசிலையும் அரித்துத் தேய்த்துவிடும். பம்ப் வேலைக்கு ஆகும் செலவைத் தெரிந்தவர்கள் டேங்க் வாயை அலட்சியம் செய்யமாட்டார்கள். எபாக்சி பசையை அப்பி நாளைக் கடத்துவோரும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போகாத தகட்டில் அது பிடிப்பதில்லை, அதிர்வில் பெயர்ந்து டேங்குக்குள்ளேயே விழவும் செய்யும்.

இந்தப் பட்டறைக்காரரிடம் எனக்கு மதிப்பு ஏற்பட்டது அவர் கேட்ட முதல் கேள்வியால். "இதில் டீசலைத் தவிர வேறு எதையாவது எப்போதாவது ஊற்றியது உண்டா?" என்று, தீப்பிடிக்கும் ஆபத்தை நினைத்துக் கேட்டார். டீசல்தானே, பெட்ரோலைப் போலப் பற்றாது என்று எண்ணிக் காலி டேங்கில் நேராக நெருப்பைக் காட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தியத் தரக்குறியீட்டின்படி டீசலின் தீப்பற்று நிலை, அதாவது அதன் ஆவி சுடர் பட்டதும் பற்றும் சூடு, குறைந்தது 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் கிடக்கும் தகர டேங்க் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டிவிடும், தகட்டைப் பற்றவைக்கும் வெல்டிங் சுடரின் முன்னே அந்த எல்லைக்குப் பொருளே இல்லை. நிறைந்த டேங்கைவிட ஆவி மட்டும் நிற்கும் காலி டேங்க்தான் வெடிக்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அடித்திருகைக் கழற்றி மிச்ச டீசலை வடித்து, காஸ்டிக் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டி, வாடை போகும் வரை திரும்பத் திரும்ப அலசினார். பிறகு திருகை மாட்டி, பற்றவைக்கும் இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே வரை தண்ணீரை நிரப்பினார். பழுது டேங்கின் உச்சியில் இருப்பதால் இந்த முறை இங்கே நன்றாகப் பொருந்துகிறது. ஆவி நிற்க இடம் அநேகமாக இல்லாமல் போய்விடுகிறது.

வேலையும் நேர்த்திதான். வாயின் உள்விட்டத்துக்கு ஏற்பக் கடைந்த மரக்கட்டையை உள்ளே இறுக்கி, வெளியிலிருந்து சிறு சுத்தியலால் தட்டித் தட்டி வட்டத்தை மீட்டார். மெல்லிய தகடு ஓட்டையாகிவிடும் என்பதால் ஆர்க் வெல்டிங்கைத் தொடாமல், வெடிப்பைப் பளபளக்கத் தேய்த்துவிட்டு கேஸ் சுடரில் பித்தளையை உருக்கி வைத்துப் பற்றவைத்தார். தேய்ந்த விளிம்பிலும் பித்தளை ஏற்றி, மூடியைப் போட்டுத் திருகிப் பார்ப்பதும் அரத்தால் ராவுவதுமாக, காதுகள் இறுகிப் பிடிக்கும் வரை விடவில்லை. சோதனைக்கு, பற்றின் மேல் சுண்ணாம்புக் கரைசலைப் பூசிக் காயவிட்டு, உட்புறமாக மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஒற்றினார்; கசிவு இருந்தால் வெள்ளைப் பூச்சில் ஈரக்கோடு தெரிந்துவிடும். நெடுநேரம் வைத்திருந்தும் தெரியவில்லை. தண்ணீர் நின்ற டேங்கை வெயிலில் உலர்த்தி, துரு ஏறாதிருக்க உள்ளே கொஞ்சம் டீசல் விட்டுச் சுழற்றியே கையில் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. மூடிக்குள் சைக்கிள் டியூபில் வெட்டிய வாஷரைப் போட்டிருந்தார்கள். அந்த ரப்பர் டீசலில் ஊறி உப்பிப் போகும். எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் வாஷரை நான் தனியே வாங்கிப் போட்டேன். பெயின்ட் அடித்த பையன் மூடியிலிருந்த காற்றுத் துளையையும் சேர்த்து அடைத்துவிட்டான். அந்தத் துளை அடைபட்டால் டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, சற்று நேரம் ஓடியபின் இன்ஜின் திணறி நிற்கும். பழியோ பம்பின் மேல் விழும். ஊசியால் குத்தினால் தீரும் குறைதான், ஆனாலும் இவ்வளவு பார்த்துச் செய்த பட்டறையில் இதை நான் எதிர்பார்க்கவில்லை. சொன்ன நாளில் வேலை முடியவும் இல்லை. கூலி அக்கம்பக்கத்து வெல்டிங் கடைகளைவிடச் சற்றுக் கூடுதல். கழுவும் வேலைக்கே பாதி நேரம் போவதைப் பார்த்தபின் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

கொடுக்க நினைப்பவர்கள் டேங்கோடு மூடியையும் கட்டாயம் எடுத்துச் செல்ல வேண்டும். மூடி இல்லாமல் விளிம்பு வேலையை அவர் தொடுவதில்லை. குறுவை உழவு தொடங்குமுன்பே போவது நல்லது. டேங்கை மறுபடி மாட்டியதும் ஃபில்டரிலும் பம்பிலும் காற்றை எடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அந்த வேலையைப் பட்டறையில் செய்து தரமாட்டார்கள்.