ட்ரையம்ப் ஸ்பீடு 400: வரைந்தது ஹிங்க்லி, வார்த்தது சாக்கன்

ஸ்பீடு 400 பைக்கின் இன்ஜினைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சிலிண்டரைச் சுற்றி, காற்றில் குளிரும் அந்தக் காலத்து இன்ஜின் மாதிரி வரிவரியாக ஃபின் (மெல்லிய தகடு) இருக்கும். ஆனால் உள்ளே ஓடுவது கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம். ரேடியேட்டர் ஃப்ரேமின் முன்குழாய்களுக்கு நடுவே ஒடுங்கி நிற்கிறது. ஹோஸ், வயர் எதுவும் சட்டென்று கண்ணில் படாது. ஒளித்து வைக்கும் இந்த வேலைக்குக் காசு செலவாகும். விலையை இறக்க வேண்டிய வண்டிகளில் முதலில் கத்தி வைப்பதும் இங்கேதான். இதில் வைக்கவில்லை.

சிறிய கம்பெனியும் பெரிய கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து செய்யும் வண்டியை ஸ்பெக் ஷீட்டை மட்டும் வைத்து எடை போட முடியாது. யாருடைய பேச்சு எந்த இடத்தில் எடுபட்டது என்று பார்க்க வேண்டும். பஜாஜ்–ட்ரையம்ப் கூட்டு 2017-ல் அறிவிக்கப்பட்டது, 2020 ஜனவரியில் புனேயில் கையெழுத்தானது. ஒருவர் பங்கை மற்றவர் வாங்காத கூட்டு இது. அப்போது ட்ரையம்ப் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 60 ஆயிரம் வண்டி விற்ற கம்பெனி. பஜாஜோ ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு மேல் விற்கிறது. அந்த எண்ணிக்கை இருப்பதால்தான் ஃபோர்க், ஏபிஎஸ், டயர் என்று எதை வாங்கப் போனாலும் பஜாஜால் பேரம் பேச முடிகிறது. டிசைனும் ஓட்டும் குணமும் இங்கிலாந்தில் ட்ரையம்பின் ஊரான ஹிங்க்லி பக்கம், உற்பத்தியும் விலையும் புனே அருகே பஜாஜ் தொழிற்சாலை இருக்கும் சாக்கன் பக்கம் என்று பிரித்துக்கொண்டார்கள். 2023 ஜூலையில் வண்டி வந்தபோது எக்ஸ்-ஷோரூம் விலை 2.33 லட்சம் ரூபாய். முதல் 10,000 பேருக்கு மட்டும் 2.23 லட்சம்.

இன்ஜின் 398 சிசி, ஒற்றை சிலிண்டர், நாலு வால்வு, டபுள் ஓவர்ஹெட் கேம். போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 89 மி.மீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 64 மி.மீ. 8,000 ஆர்பிஎம்மில் 40 பிஎஸ், 6,500-ல் 37.5 நியூட்டன் மீட்டர் டார்க். காகிதத்தில் இது டார்க் (இழுவிசை) மேல் ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும் இன்ஜின் போலத் தெரியும். ஓட்டும்போது அப்படி இல்லை. கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுவை நன்றாக இருக்கிறது. மூன்றாவது கியரில் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கி, கியரைக் குறைக்காமலே மறுபடி கிளப்பலாம். பழைய கேடிஎம் 390-க்கும் போர் இதே 89 தான், அதுவும் சாக்கனில் பிறந்ததுதான். ஆனால் அதை ஓட்டிப் பழகியவர்களுக்கு இது வேறு வீட்டுப் பிள்ளை என்பது முதல் சிக்னலிலேயே தெரிந்துவிடும்.

நூறு வரை அமைதியாகப் போகிறது. அதற்கு மேல், குறிப்பாக 110-ஐத் தாண்டியதும், ஃபுட்பெக்கிலும் ஹேண்டில்பாரிலும் மெல்லிய அதிர்வு ஏறும். ஒற்றை பிஸ்டன் வேகமாக மேலும் கீழும் போகும்போது உண்டாகும் விசையை பேலன்ஸர் ஷாஃப்ட் ஓரளவுக்குத்தான் சமன் செய்யும். நாள் முழுக்க நான்கு வழிச்சாலையில் 120-ல் பிடிக்க நினைப்பவர் இரண்டு சிலிண்டர் வண்டி பார்ப்பது நல்லது.

43 மி.மீ தலைகீழ் ஃபோர்க்கில் எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் இல்லை. பின்னால் பிரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டி அழுத்தி வைக்கும் அளவு) மட்டும். முன்பக்கம் பள்ளங்களை நன்றாக விழுங்குகிறது. பின்பக்கம் கொஞ்சம் விறைப்பு, ஒல்லியான ஆள் தனியாகப் போனால் தூக்கிப் போடும். பிரீலோடை ஒரு படி இறக்கினால் அடங்கும். ஆனால் பின்னால் ஆள் ஏறும் நாளில் மறுபடி ஏற்ற வேண்டும், இல்லையென்றால் வளைவில் பின்பக்கம் அமர்ந்து ஸ்டியரிங் மந்தமாகிவிடும். வண்டி வந்தபோது சீட் உயரம் 790 மி.மீ, ஐந்தரை அடி ஆளுக்குக் கால் தாராளமாக எட்டும். பின் சப்-ஃப்ரேம் (சீட்டைத் தாங்கும் பின்பக்கச் சட்டம்) போல்ட் போட்டு மாட்டியது. பின்னால் இடிபட்டால் மொத்த ஃப்ரேமையும் மாற்றச் சொல்லி யாராவது எஸ்டிமேட் நீட்டினால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

டிராஃபிக்கில் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தால் சூடான காற்று காலில் வந்து மோதும். அது கோளாறு இல்லை. ஃபேன் ஓடியும் டெம்பரேச்சர் வார்னிங் வந்தால்தான் கவலை. வண்டியை ஓரம் கட்டி, ஆறிய பிறகு ரிசர்வ் டேங்கில் கூலன்ட் மின், மேக்ஸ் கோடுகளுக்கு நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. கூலன்ட் இறங்கியிருந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு படிந்து ரேடியேட்டரின் மெல்லிய வழிகள் அடைத்துக்கொள்ளும்.

முதல் சர்வீஸ் முடிந்த பிறகு 16,000 கி.மீ அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதுதான் சர்வீஸ் கணக்கு. இந்த 16,000 என்ற எண்தான் பலரை ஏமாற்றுகிறது. அது ஆயிலுக்கும் ஃபில்ட்டருக்கும் போட்ட கணக்கு. செயினுக்கு அந்தச் சலுகை கிடையாது. 500 கி.மீக்கு ஒருமுறை துடைத்து லூப் (மசகு ஸ்பிரே) அடிக்க வேண்டும், மழையில் ஓட்டினால் அன்றைக்கே. பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் செயின் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் காய்ந்து, உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறி, செயின் சில இடங்களில் மட்டும் இறுகும். அப்புறம் எத்தனை முறை டைட் செய்தாலும் ஓரிடத்தில் தளர்வு, ஓரிடத்தில் விறைப்புதான். ஆயில் வெளியே வாங்கினால் டப்பாவில் ஜாசோ எம்ஏ2 என்று இருக்க வேண்டும். இந்த கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கி ஓடுவது. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் மட்டும் கத்தும்.

மற்ற கூட்டு வண்டிகளைப் பக்கத்தில் வைத்தால் இதன் அருமை தெரியும். டிவிஎஸ்–பிஎம்டபிள்யூ ஒப்பந்தம் 2013-ல் ஆனது. அதில் பிறந்த 310 இன்ஜின் பின்பக்கம் சாய்ந்தது, காற்று முன்னாலும் புகை பின்னாலும் போகும் நல்ல வடிவமைப்பு. ஆனால் அப்பாச்சி ஆர்ஆர் 310 வந்தது 2.05 லட்சத்தில், அதே ஓசூரில் அதே இன்ஜினோடு பிறந்த பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர் 2018-ல் வந்தது 2.99 லட்சத்தில். பேட்ஜுக்கு மட்டும் 94 ஆயிரமா என்று மக்கள் கேட்டார்கள். 2020-ல் விலையை 2.45 லட்சமாக இறக்க வேண்டியிருந்தது. ஹீரோ–ஹார்லியின் எக்ஸ்440 வேறு ரகம். 4,000 ஆர்பிஎம்மிலேயே 38 நியூட்டன் மீட்டர், நிதானமான வண்டி, ஆனால் 190 கிலோ.

சின்ன பார்ட்னர் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். அமெரிக்க பைக் கம்பெனியான எரிக் பியூல் ரேசிங்கில் ஹீரோ 2013-ல் 49.2 சதவீதம் வாங்கியது. 2015-ல் அந்தக் கம்பெனி திவால், சேர்ந்து காட்டிய எச்எக்ஸ்250ஆர் பைக் கடைக்கு வரவே இல்லை. 2024 நவம்பரில் பஜாஜின் இன்னொரு கூட்டாளியான கேடிஎம்மும் திவால் நடைமுறைக்குப் போனது. அங்கே பஜாஜ் பணம் போட்டு நிர்வாகத்தையே கையில் எடுத்தது. சாக்கனில் செய்யும் வண்டி என்பதால் கேடிஎம் டியூக் வைத்திருப்பவர்கள் இங்கே நடுத்தெருவில் நிற்கவில்லை. பார்ட்ஸ் எங்கே வார்க்கப்படுகிறது என்று வாங்கும் முன் கேட்பது இதற்காகத்தான்.

விலையை எக்ஸ்-ஷோரூம் பலகையை நம்பி முடிவு செய்யாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதற்குக் கீழே 18. ஆன்-ரோடு கணக்கை ஐட்டம் வாரியாக எழுதி வாங்குங்கள். ஆக்சஸரி என்று கேட்காமலே சேர்த்திருக்கும் ஐட்டங்களை அடித்துவிடச் சொல்லுங்கள்.

பட்ஜெட் இடித்தால் ஸ்பீடு டி4 இருக்கிறது. 2024 செப்டம்பரில் 2.17 லட்சத்துக்கு வந்தது. அதே இன்ஜின் 31 பிஎஸ்ஸுக்கு இறக்கப்பட்டு, தலைகீழ் ஃபோர்க்குக்குப் பதில் சாதா ஃபோர்க், பின் சக்கரம் வழுக்காமல் பார்க்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் கிடையாது. டவுனுக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு இந்தக் குறைகள் பெரிதாக உறைக்காது. மலைப்பாதையில் மழையில் அடிக்கடி இறங்குபவர் அசல் ஸ்பீடு 400-க்கே போகட்டும்.