குஜெங் வாங்கப் போகிறீர்களா? "செட்டப் இலவசம்" என்றால் கொஞ்சம் நில்லுங்கள்

மகள் உயர்நிலை ஒன்றில் இணைப்பாட நடவடிக்கையாக குஜெங்கை எடுத்தாள். சிங்கப்பூரில் பல பள்ளிகளில் இந்தச் சீன வாத்தியத்துக்குக் குழு உண்டு. 21 கம்பிகள், ஆனால் ஐந்தே சுரங்கள். அவள் கைபேசியில் ஒரு காணொளி போட்டுக் காட்டியபோது சமையலறையிலிருந்து என் மாமியார், "மோகனம்தானே இது!" என்றார். உண்மைதான், ச ரி க ப த. அந்த உற்சாகத்தில் நானும் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

கடையின் பெயரை இங்கே போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வாத்தியம் 880 வெள்ளி. ஸ்டாண்ட், உறை, ட்யூனர், உதிரிக் கம்பிகள், வீட்டுக்கு வந்து சுருதி சேர்த்துத் தரும் செட்டப் எல்லாம் இலவசம் என்றார் கடைக்காரர். வாசிக்க விரலில் கட்டிக்கொள்ளும் நகங்களுக்கு மட்டும் தனியாக 65 வெள்ளி. மொத்தத்தையும் அங்கேயே நின்று கைபேசியில் பேநவ் வழியாக அனுப்பினேன். இதுதான் நான் செய்த முதல் தப்பு. ரசீதில் "குஜெங் 1, நகம் 1" என்று மட்டும் இருந்ததைக் கவனிக்காதது இரண்டாவது.

நான்காம் நாள் இரண்டு பேர் வந்து, ஆள் உயரப் பெட்டியை வாசலில் சாய்த்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிரித்தால் கம்பிகளெல்லாம் தொளதொளவென்று கிடக்கின்றன. கம்பிகளைத் தாங்கும் குதிரைகள் 21-உம் ஒரு பிளாஸ்டிக் பையில் தனியாக இருந்தன. ஏற்றி இறக்கும்போது இப்படிக் கழற்றி அனுப்புவது வழக்கம்தான், அதில் குற்றமில்லை. ஆனால் கடைக்குப் போன் செய்தால், "செட்டப் ஆளுக்கு 150 வெள்ளி ஆகும்" என்கிறார். இலவசம் என்றீர்களே என்றேன். "அது கடைக்கு வந்து செய்துகொண்டால்" என்றார். ஐந்தரை அடி வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் போக வேண்டுமாம்!

கோபத்தில் நானே உட்கார்ந்தேன். குதிரைகளின் அடியில் 1 முதல் 21 வரை எண் பொறித்திருந்ததைக்கூடப் பார்க்காமல், வாத்தியத்தின் நடுவில் வரிசையாக, சதுரங்கக் காய் அடுக்குவதுபோல நிறுத்தினேன். பிறகு சாவியைப் போட்டு முதல் கம்பியை முறுக்கினேன். சுருதி ஏறவே மாட்டேன் என்றது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருப்பியபோது 'டப்'பென்று அறுந்து மணிக்கட்டில் கோடு போட்டது.

ஏன் அறுந்தது என்பதைப் பள்ளிப் பயிற்றுநர் பிறகு விளக்கினார். குதிரைகள் சாய்வாகப் போக வேண்டும். நம் பக்கத்தில் இருக்கும் மெல்லிய முதல் கம்பியின் குதிரை வலது ஓரத்துக்கு அருகில், தடித்த 21-ஆவதன் குதிரை இடக்கோடியில். நான் முதல் குதிரையை நடுவில் வைத்ததால் ஒலிக்கும் நீளம் கூடி, அதே சுருதிக்கு ஏகப்பட்ட இழுவிசை தேவைப்பட்டிருக்கிறது. கம்பி பாவம், என்ன செய்யும்?

சரி, உதிரிக் கம்பி இருக்கிறதே என்று பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே இருந்தவை 17 முதல் 21 வரை. அடிக்கடி அறுபவை மெல்லியவை. தடித்தவை லேசில் அறுவதில்லை. விற்காமல் தேங்கியதை என் தலையில் கட்டியிருக்கிறார்.

ட்யூனர் கதை இதைவிட மோசம். குஜெங்கை வழக்கமாக டி, ஈ, எஃப் ஷார்ப், ஏ, பி என்ற மேற்கத்தியச் சுரங்களுக்குச் சேர்ப்பார்கள். அவர் கொடுத்தது கிட்டாருக்கு மட்டுமான ட்யூனர். ஈ, ஏ, டி, ஜி, பி தவிர வேறொன்றும் காட்டாது. எஃப் ஷார்ப் வரும் நான்கு கம்பிகளும் அம்போ. எல்லாச் சுரங்களையும் காட்டும் குரோமேட்டிக் ட்யூனரா, எந்த ஸ்தாயி என்பதையும் காட்டுகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

நகங்களைப் பற்றித்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "அசல் அழுங்காமை ஓடு" என்று சொல்லி விற்றார். அழுங்காமை அருகிவரும் கடலாமை வகை; அதன் ஓட்டை நாடு விட்டு நாடு விற்பதை சைட்டிஸ் உடன்படிக்கை தடை செய்திருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. பயிற்றுநர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அச்சில் வார்த்த விளிம்பைக் காட்டினார். வெறும் பிளாஸ்டிக். ஏமாந்ததற்காக நிம்மதிப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். அதோடு அளவும் பெரிது. விரலின் உட்பக்கத்தில் டேப் சுற்றிக் கட்டினாலும் மகளின் சின்ன விரலில் நகம் சுழன்று போனது. அளவு பார்க்காமல் நகம் வாங்காதீர்கள். டேப் மருந்துக்கடைத் துணி டேப்பே போதும்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சுருதி சேர்த்த மறுநாளே இறங்கிவிட்டது என்று நான் போட்ட சண்டை மட்டும் வீண். புதுக் கம்பி நீளும். சில வாரங்களுக்கு அடிக்கடி சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம்தான். ஆனால் செட்டப் இலவசம் என்றதெல்லாம் வாய்ப்பேச்சு. என் கையில் இருப்பது அந்த இரண்டு வரி ரசீது. நீங்கள் எழுதி வாங்குங்கள். பாதிப் பணத்தை, உங்கள் வீட்டுக் கூடத்தில் குதிரை ஏறி 21 கம்பியும் சுருதி சேர்ந்த பிறகு கொடுங்கள்.

நகத்தைத் திருப்பிக் கொடுத்து, "அழுங்காமை என்று சொன்னீர்களே, அதையே ரசீதில் எழுதிக் கொடுங்கள்" என்றதும், கடைக்காரர் பேசாமல் 65 வெள்ளியை எடுத்து நீட்டினார். அந்தக் காசில் வேறு கடையில் சின்ன அளவு நகங்களும், முதல் கம்பி மட்டும் மூன்றும் வாங்கி வைத்திருக்கிறோம்.