பெட்டியை வரைவதா, அச்சகத்தில் நிற்பதா?

பேக்கேஜிங் துறைக்கு வரும் பெண்கள் என்னிடம் கேட்பது இதுதான்: டிசைனரா, அச்சு சரியாக வருகிறதா என்று அச்சகத்தில் நின்று பார்க்கும் பிரிண்ட் கோஆர்டினேட்டரா? சிவகாசியில் இரண்டையும் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

டிசைன் வேலை திரையோடு. டைலைன், அதாவது பெட்டியை எங்கே வெட்டி எங்கே மடிப்பது என்று காட்டும் கோட்டுப்படம்; அதன் மேல் படம், எடை, எம்.ஆர்.பி., சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் உட்கார வேண்டும்; ஓரத்தில் 3 மி.மீ. பிளீட், அதாவது வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீட்டி விடும் வண்ணம். வீட்டிலிருந்தும் செய்யலாம். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அதுதான் என்னைக் காப்பாற்றியது.

கோஆர்டினேஷன் அப்படியில்லை. மெஷின் ஓடும் நேரம்தான் நம் நேரம். ஒரு இரவு 11 மணிக்கு முதல் ஷீட்டை விளக்கடியில் விரித்தேன். திரையில் பளிச்சென்றிருந்த ஆரஞ்சு, சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு வண்ண அச்சில் மங்கிக் கிடந்தது. "மையைக் கூட்டுனா படத்துல முகமெல்லாம் செவந்துரும்மா" என்றார் மிஷின்மேன் அண்ணன். அந்த ஆரஞ்சுக்கு மட்டும் தனி பிளேட் (அச்சுத் தகடு) போட்டு, ஐந்தாவது வண்ணமாக ஓட்டித்தான் சரிசெய்தோம். அட்டையின் நார்கள் ஓடும் திசைக்கு, அதாவது இழைக்கு, குறுக்கே மடித்தால் மடிப்பு வெடிக்கும் என்பதையும் அங்கேதான் கற்றேன். எந்த மென்பொருளும் அதைச் சொல்லித் தரவில்லை.

என் ஓட்டு, முதல் இரண்டு வருடம் அச்சகத்துக்கே. அதன்பின் டிசைனுக்கு வந்தால் கை தானாகவே சரியாக வரையும். இரவு வேலைக்கு வண்டி உண்டா என்பதை மட்டும் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.