புழல் பக்கத்து கிரில் பட்டறை: வேலை சுத்தம், தேதிதான் இழுக்கும்

நான் எலக்ட்ரீஷியன். என் வீட்டு கேட்டை இங்கேதான் அடித்தேன். சைட்டிலும் இவர்களோடு சேர்ந்து வேலை பார்க்கிறேன். பட்டறைப் பெயரைப் போடவில்லை. அங்கே வெல்டிங் அடிப்பவர்களில் இரண்டு பேர் ஜெயிலுக்குள் இருந்துவிட்டு வந்தவர்கள். ஊரெல்லாம் தெரிய வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார்.

கூலியோடு கிலோ 130 ரூபாய். எடைச்சீட்டைக் கையில் தருகிறார்கள். கிலோ கணக்கில் கம்பியைத் தடிமனாகப் போட்டு பில்லை ஏற்றுகிற ஆட்கள் உண்டு. இங்கே 12 எம்எம் சதுரக் கம்பி கேட்டால் அதுதான் வரும்.

இருவரில் மூத்தவர் திருச்சி மத்திய சிறைக்குள் இருக்கும் ஐடிஐயில் வெல்டர் படித்தவர். பல வெல்டர்கள் மீட்டர் பெட்டியில் நேராக ஒயரைச் செருகிவிட்டு, எர்த் கிளாம்பை (வெல்டிங் கரண்ட் மெஷினுக்குத் திரும்ப மாட்டும் இடுக்கி) கைக்கு எட்டிய கட்டடக் கம்பியில் மாட்டிவிடுவார்கள். கரண்ட் எந்த வழியாகத் திரும்பும் என்று கவலையே படமாட்டார்கள். அது கட்டடத்தில் நான் இழுத்த எர்த் ஒயர் வழியாகத் திரும்பினால், அந்த ஒயர்தான் சூடேறிக் கருகும். இவர், "அண்ணே, எந்த லைன்ல எடுக்கட்டும்?" என்று கேட்காமல் மெஷினைப் போடுவதில்லை. கிளாம்பை வெல்டிங் அடிக்கிற இரும்பிலேயே, பெயிண்டைச் சுரண்டிவிட்டுக் கடிக்க வைக்கிறார். எனக்கு இது போதும். என்ன வழக்கு என்று நானும் கேட்டதில்லை.

குறை இல்லாமலா? துரு பிடிக்காமல் இருக்க முதலில் பூசும் ரெட் ஆக்சைடு அடிப்பதில் அவசரம். என் கேட்டில் கீல் பக்கத்துப் பின்புறம் ஒரு மழைக்கே துரு பிடித்தது.

தேதியும் தள்ளிப்போகும். தேர்தல், பண்டிகை என்றால் இந்த இருவரையும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். நன்னடத்தைப் பிணைக்காக, அதாவது ஒழுங்காக இருப்பேன் என்று எழுதிக் கொடுப்பதற்காக, ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து வருவார்கள். 2024 ஜூலையில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் அது 129ஆம் பிரிவு. ஆனால் எல்லோர் வாயிலும் இன்னும் பழைய சட்டத்தின் '110'தான். ஒரு அடுக்குமாடி சைட்டில் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டு, மூத்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அவருக்குப் பதிலாக வந்த பையன் பொருத்திய கதவு இன்றும் தரையில் உரசுகிறது.

கிரகப்பிரவேசத் தேதி குறித்தவர்கள் பத்து நாள் முன்தள்ளிச் சொல்லுங்கள். பெயிண்டுக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.