திறந்தவெளி ஐஸ் ஹாக்கி: ஒன்றிரண்டு போதுமா, இன்னும் வேண்டுமா?

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். சீசனில் திறந்தவெளியில் நடக்கும் ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதைக் கூட்டலாமா?

கூட்டலாம் என்பவர்கள் முதலில் காட்டுவது கூட்டத்தை. 2014 புத்தாண்டு அன்று அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,05,491 பேர் கொட்டும் பனியில் உட்கார்ந்து பார்த்தார்கள். உள்ளரங்கில் இருபதாயிரம் பேர் வந்தாலே பெரிது. 2003-ல் கனடாவின் எட்மன்டனில் நடந்த ஆட்டத்தில் மைனஸ் 18 டிகிரி குளிர். மான்ட்ரியல் அணியின் கோல்கீப்பர் ஜோஸே தியோடோர் முகக்கவசத்துக்கு மேலேயே கம்பளிக் குல்லாய் மாட்டிக்கொண்டு நின்றார். உறைந்த குளத்தில் சின்னப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம்தானே இது என்று அந்தக் குல்லாய் ஒன்றே சொல்லிவிடும். எனக்கு இன்றைக்கும் பிடித்த காட்சி அது.

சரி, ஆட்டத்தின் தரம்? உள்ளரங்கில் பனித்தளம் ஆட்களின் கட்டுப்பாட்டில் இருக்கும்; வெளியில் வானம் வைத்ததுதான் சட்டம். 2021-ல் அமெரிக்காவின் டாஹோ ஏரிக்கரையில் முதல் பகுதி முடிவதற்குள் வெயிலில் பனி இளகி, வீரர்கள் தடுக்கி விழுந்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, இருட்டிய பிறகுதான் மீதியை ஆடினார்கள். இவை கண்காட்சி ஆட்டங்கள் அல்ல, புள்ளிப்பட்டியலில் சேர்பவை. அப்புறம், அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியத்தின் மேல் வரிசையிலிருந்து பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் சின்ன ரப்பர் வட்டு) கண்ணுக்கே தெரியாது.

அதனால் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம் என்பேன். இருக்கும் ஒன்றிரண்டை, இதுவரை வாய்ப்பே கிடைக்காத ஊர்களுக்குக் கொடுக்கட்டும்.