வீட்டுக்குப் போகும் நர்சுக்குப் பொம்மை போதுமா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் நர்சிங் மாணவர்களுக்கு வீட்டுப் பார்வைப் பயிற்சி கொடுக்கிறேன். வார்டில் நன்றாக வேலை செய்யும் பிள்ளைகள், ஒரு வீட்டுப் படியேறியதும் தடுமாறிவிடுகிறார்கள். வார்டில் நோயாளி நம்மிடம் வந்தவர். வீட்டில் நாம்தான் விருந்தாளி. இதைப் பழக எங்களுக்கு மூன்று வழி உண்டு: கணினியில் இயங்கும் பொம்மை, நோயாளியாக நடிக்க ஓர் ஆள், திரையில் தெரியும் மெய்நிகர் வீடு.

பொம்மையின் பலம் அவசர நிலை. 1960-இல் நார்வேயில் ஆஸ்முண்ட் லேர்டால் கொண்டுவந்த ரெசஸி ஆனி என்ற பொம்மையே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துப் பழகத்தான். இன்றைய பொம்மைக்கு நாடி துடிக்கும், மூச்சு திணறும், வலிப்பும் வரும். முப்பது பேருக்கும் ஒரே மாதிரி வரும் என்பதால் தேர்வுக்கு நியாயமானது. ஆனால் அது யாரையும் வாசலில் நிறுத்தாது. அதற்குச் சமையலறையும் கிடையாது, விரதமும் கிடையாது.

நடிக்கும் ஆளை வைத்துப் பயிற்றுவிப்பதை 1963-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஹோவர்டு பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடங்கினார். எங்களுக்கு நடித்துத் தருபவர்கள் அக்கம்பக்கத்து ஆயாமார், அதாவது பாட்டிமார். ஒரு வகுப்பறையில் பழைய சோபா, ஃபிரிட்ஜ், மூலையில் முருகன் படம், காமாட்சி விளக்கு. அவ்வளவுதான் செட்டு.

ஒரு ஜூலு மாணவி உள்ளே வந்தாள். விதிப்படி பத்திரிகைத் தாளை விரித்து அதன்மேல் பையை வைக்க வேண்டும். சுத்தமாக இருந்த ஒரே இடம் விளக்கு மேசை, அங்கேயே வைத்துவிட்டாள். ஆயா நடிப்பை மறந்து எழுந்தேவிட்டார். மாணவி பதறி, "மன்னியுங்கள் கோகோ, எங்கே வைக்கட்டும்?" என்று கேட்டாள். பாட்டியை அவள் மொழியில் அப்படித்தான் அழைப்பார்கள். ஆயா நாற்காலியைக் காட்டினார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்: புரட்டாசிச் சனி, காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, இன்சுலின் ஊசி மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். நான் நீட்டிய அட்டையில் ரத்தச் சர்க்கரை 3.1, அதாவது இந்தியக் கணக்கில் சுமார் 56; ரொம்பக் குறைவு. 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். விரதம் இருப்பவரைச் சர்க்கரைத் தண்ணீர் குடிக்கச் சம்மதிக்க வைப்பதுதான் அவள் அன்று கற்றது. பொம்மையாக இருந்தால் எண் இறங்கியிருக்கும்; ஏன் இறங்கியது என்று சொல்லியிருக்காது.

இதிலும் குறை உண்டு. ஆயா களைத்துவிடுவார், மூன்றாவது தடவை கதை மாறும். ரத்தச் சர்க்கரை அட்டையில்தான் இறங்கும். அதனால் மதிப்பெண் போடும் தேர்வுக்கு இந்த வழியை நான் வைப்பதில்லை.

வழுக்கும் பாய், ஃப்ரீசரில் கிடக்கும் இன்சுலின் போன்ற ஆபத்துகளைக் கண்டுபிடிக்க மெய்நிகர் வீடு நல்லது. உறைந்த இன்சுலினை வெளியே எடுத்து இளக வைத்தாலும் பயன்படுத்தக் கூடாது என்பதை ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டார்கள். அதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை.

சிமுலேஷன், அதாவது இப்படிப் பாவனையாகப் பழகும் பயிற்சி, இருந்தால் நிஜ வீடுகளுக்குப் போவதைக் குறைக்கலாமே என்று கேட்கிறார்கள். 2014-இல் அமெரிக்காவின் 10 நர்சிங் பள்ளிகளில் நடந்த பெரிய ஆய்வில், களப்பயிற்சி நேரத்தில் பாதிவரை சிமுலேஷன் வைத்தும் மாணவர்களின் தேர்ச்சி குறையவில்லை. சரி, ஆனால் அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் முறையான டீப்ரீஃபிங்கும் (பயிற்சி முடிந்ததும் நடந்ததை உட்கார்ந்து அலசுவது) இருந்தன. பொம்மையை வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் கல்லூரிக்கு அந்த முடிவு பொருந்தாது.

என் வரிசை இது: முதல் நாள் மாலை திரை, மறுநாள் ஆயாவோடு இரண்டு தடவை, தனியாக ஒரு நாள் பொம்மையோடு அவசர சிகிச்சை. கையில் காசு குறைவென்றால் பொம்மையை விடுங்கள், ஆயாவை விடாதீர்கள். அவருக்கு மதியச் சாப்பாடும் டாக்ஸிக் காசும் பட்ஜெட்டின் முதல் வரியிலேயே இருக்கட்டும்.