செட்டிநாட்டு வீட்டில் தி எக்ஸ்எக்ஸ்: பல வருடம் கேட்ட பிறகு

எத்தனையோ போன் மாறியும் நான் அழிக்காமல் வைத்திருக்கும் ராக் ஆல்பம் ஒன்று உண்டு. தி எக்ஸ்எக்ஸ் குழுவின் முதல் ஆல்பம். அதற்கும் எக்ஸ்எக்ஸ் என்றே பெயர். 2009 ஆகஸ்டில் வந்தது. மொத்தம் 11 பாட்டு, 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

எங்கள் வீடு கானாடுகாத்தான் பக்கம். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மா தேக்குத் தூண். எல்லாமே வழவழப்பு, சத்தத்தை உறிஞ்சிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பட்டாலைக் கூடத்தில் கைதட்டினால் நடுமுற்றமான வளவைச் சுற்றி வந்து அடங்கும். இங்கே வழக்கமான ராக் பாட்டைப் போட்டால் டிரம்ஸும் சிம்பலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறும் இரைச்சலாகிவிடும். இந்த ஆல்பத்தில் அது நடப்பதில்லை. கிட்டாரில் ஒரு சின்ன மெட்டு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் பேஸ் என்ற கீழ்ச்சுருதி ஒலி. வீட்டின் எதிரொலி அடங்க நேரம் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த சுரம் வருகிறது.

குழுவினர் தென்மேற்கு லண்டனில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பதிவின்போது இருபது வயதை ஒட்டியவர்கள். குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. ஜேமி ஸ்மித் ஒரு மெஷினின் பட்டன்களை விரலால் தட்டியே தாளம் கொடுத்தார், தயாரிப்பும் அவரே. ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனத்தின் சின்ன ஸ்டுடியோவில், பெரும்பாலும் இரவில் பதிவு செய்தார்கள். அந்த இரவின் அடக்கம் எல்லாப் பாட்டிலும் இருக்கிறது. இத்தனை சின்ன வயதில் எதை வாசிக்காமல் விட வேண்டும் என்று தெரிந்திருந்ததே, அதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய ஆச்சரியம்.

ரோமி மேட்லி கிராஃப்டும் ஆலிவர் சிம்மும் மாறி மாறிப் பாடுவார்கள், குரலை உயர்த்தவே மாட்டார்கள். என் ஆயா (பாட்டி) ஒருநாள், “ஏம்ப்பா, ரெண்டு பேரும் காதுக்குள்ள ரகசியம் பேசுற மாதிரியே பாடுறாக?” என்று கேட்டார். இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் படித்ததில்லை. கேட்பவர்களுக்குக் காதலர்கள் என்றுதான் தோன்றும். உண்மையில் மூன்று வயதிலிருந்து நண்பர்கள். அவரவர் வரியை அவரவரே எழுதியதால், ஒரே பாட்டுக்குள் இரண்டு தனிமை கேட்கிறது.

பல வருடம் கேட்டதில் சில மாறியிருக்கின்றன. பாட்டு வரிகளே இல்லாத ‘இன்ட்ரோ’வை பிபிசி 2010 பிரிட்டன் தேர்தல் ஒளிபரப்பில் பயன்படுத்தியது. அப்புறம் அது எங்கெங்கோ ஒலித்துவிட்டது. ஆனாலும் ஆல்பத்தின் வாசலாக வரும்போது அதன் அழகு குறையவில்லை. ‘ஐலண்ட்ஸ்’ முன்பு திரும்பத் திரும்பக் கேட்டது, இப்போது அவ்வளவு இல்லை. ரோமி தனியாகப் பாடும் ‘ஷெல்டர்’ வருடம் கூடக் கூட ஆழமாகிறது. 2010இல் இந்த ஆல்பம் பிரிட்டிஷ், ஐரிஷ் ஆல்பங்களுக்கான மெர்குரி பரிசை வாங்கியது, தகுதியான பரிசு. 2012இல் வந்த அடுத்த ஆல்பத்தில் இடைவெளி இன்னும் கூடிப்போனது. எனக்கு அதில் பிடிமானம் கிடைக்கவில்லை.

குறையும் உண்டு. காரைக்குடி–தேவகோட்டை பஸ்ஸில் இதைக் கேட்கவே முடியாது, ஹார்ன் சத்தம் பாதியைத் தின்றுவிடும். சின்ன புளூடூத் ஸ்பீக்கரும் வேண்டாம். ‘ஃபேண்டஸி’யின் அடியில் வரும் கனத்த பேஸ் அதில் காணாமல் போய், பாட்டு அரைகுறையாகத் தெரியும். நல்ல ஹெட்போன் போதும். எங்களைப் போன்ற வீடு என்றால், கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் வைக்காமல் இரண்டு முழம் தள்ளி வையுங்கள். மூலையில் வைத்தால் பேஸ் வீங்கி, பாடும் குரலை மூடிவிடும்.